இங்கிலாந்தில் பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் முதலில் யாரிடம் போவது: ஜி.பி.யா, பள்ளியா, கவுன்சிலா?

பிள்ளை விஷயத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் நம்மவர்கள் முதலில் கேட்பது வாட்ஸ்அப் குழுவில்தான். "ரெண்டரை வயசாகுது, இன்னும் அம்மான்னு கூடச் சொல்லலை, யாரைப் பார்க்கணும்?" சற்று நேரத்தில் பதில்கள் வந்து விழும். ஒருவர் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் போகச் சொல்வார். இன்னொருவர் பிரைவேட்டில் காட்டிவிடுங்கள் என்பார். மூன்றாமவர் "எங்க பையனும் மூணு வயசுலதான் பேசினான், ஒண்ணும் ஆகாது" என்று முடித்து வைப்பார். கூடவே யாராவது ஒருவர், "கவுன்சில் பக்கம் மட்டும் போயிடாதீங்க, பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று ஒரு வரி போடாமல் இருக்கமாட்டார்.

அந்தக் கடைசி வரி பல குடும்பங்களை வருடக்கணக்கில் வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்பதைக் கவுன்சில் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம். இங்கே எழுதுவதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் சட்டமும் மாறும், சேவைகளின் பெயர்களும் மாறும்.

எங்கே போவது என்று யோசிக்கும்போது எங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். அதைவிட முக்கியமாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளையை ஏற்கெனவே தெரிந்தவர் யார்? நாம் சொல்வதைக் கேட்ட பிறகு அடுத்தது என்ன என்று முடிவு செய்வது நாமா, அவர்களா? இரண்டாவது கேள்விக்கான பதில், எந்த அலுவலகத்துக்குப் போகிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரச்சினை சிறியதாக இருக்கும்போது நாமாகப் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் நம் சம்மதம் கேட்பார்கள். முற்றிய பிறகு வேறு யாரோ சொல்லி அவர்கள் வந்தால், சம்மதம் என்ற பேச்சே குறைந்துவிடும்.

ஐந்து வயதுக்குள் என்றால்

சின்னக் குழந்தைக்கு முதலில் போக வேண்டியது ஹெல்த் விசிட்டரிடம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ பதிவு பெற்று, அதற்கு மேல் குழந்தை வளர்ச்சியிலும் குடும்ப நலத்திலும் தனிப் பயிற்சி எடுத்தவர் இவர். பிரசவத்துக்கு முன் ஒருமுறை, பிறந்து 10 முதல் 14 நாட்களுக்குள், 6 முதல் 8 வாரத்தில், ஒரு வயதை ஒட்டி, அப்புறம் 2 முதல் 2½ வயதுக்குள் என்று ஐந்து சந்திப்புகள் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. காசு கிடையாது, யாருடைய பரிந்துரையும் வேண்டாம். இடையில் எப்போது வேண்டுமானாலும் சிவப்புப் புத்தகத்தில் (குழந்தையின் உடல்நலப் பதிவேடு) இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசலாம்.

ஆரம்பச் சந்திப்புகளைப் பொதுவாக யாரும் தவறவிடுவதில்லை, அவர்களே வீட்டுக்கு வந்து குழந்தையை எடை போட்டுச் சிவப்புப் புத்தகத்தில் குறித்துவிடுவார்கள். கோட்டை விடுவது இரண்டு வயதுச் சந்திப்பை. அதற்கு முன்னால் ஒரு கேள்விப் படிவம் வரும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறதா, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். ஆம், சில நேரம், இன்னும் இல்லை என்று மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளை பேசும் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எண்ணக்கூடாது. 'பால்', 'வா', 'தா' எல்லாமே கணக்கில் வரும் சொற்கள்தான். தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், அதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால்தான் பேச்சு தாமதமாகிறது என்று சொல்லிக் காத்திருப்பதும் தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது. வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று விவரம் தெரிந்த எந்த ஸ்பீச் தெரபிஸ்டும் சொல்லமாட்டார்.

இதே கவலையோடு ஜி.பி.யிடம் போனால் என்ன நடக்கும்? பத்து நிமிடம் கிடைக்கும். காதைப் பார்ப்பார், தேவைப்பட்டால் கேட்கும் திறன் சோதனைக்கு அனுப்புவார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும் 'க்ளூ இயர்' சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது, அதனால் பேச்சு தாமதமாவதும் உண்டு. ஆக அந்தச் சோதனை வீண் இல்லை. ஆனால் ஸ்பீச் தெரபிக்குப் பல இடங்களில் ஹெல்த் விசிட்டரோ நர்சரியோ அனுப்பலாம், பெற்றோரே படிவம் நிரப்பியும் கேட்கலாம். ஜி.பி. அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருந்து போனால், "ஹெல்த் விசிட்டரிடம் பேசினீர்களா?" என்று அவரே திருப்பிக் கேட்கக்கூடும்.

ஜி.பி.தான் முதலில் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. எடை ஏறவில்லை, வலிப்பு மாதிரி வந்தது, ஏற்கெனவே பேசிய சொற்களைப் பிள்ளை மறந்துவிட்டது, நடந்த குழந்தை நடக்க மறுக்கிறது: இதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. கற்றதை இழப்பது, கற்கத் தாமதமாவதைவிட அவசரமானது. இரண்டு வயதுச் சந்திப்பு வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடக்கூடாது.

ஜி.பி.யிடம் பதிந்துகொள்ள வீசா தாளோ முகவரிச் சான்றோ கட்டாயம் இல்லை. ரிசப்ஷனில் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் கையில் இல்லை என்பதற்காகப் பதிய மறுக்கக்கூடாது. புதிதாக வந்த குடும்பங்கள் இது தெரியாமல் பல மாதம் ஜி.பி. இல்லாமலே இருந்துவிடுகின்றன.

அப்புறம் அம்மாவின் விஷயம். ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வரும் நாளில் நம் வீடுகளில் மாமியாரோ ஊரிலிருந்து வந்த அம்மாவோ கூடவே உட்கார்ந்திருப்பார், மேசையில் டீயும் பிஸ்கட்டும் வந்துவிடும். வந்தவர் கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டு, "அம்மாவிடம் மட்டும் தனியாகப் பேசலாமா?" என்று கேட்பார். மருமகள் நம்மைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள் போல என்று மாமியார் முகம் சுருங்கும். விஷயம் அதுவல்ல. கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று பிரசவமான எல்லாரிடமும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நம் பெண்கள் சொல்லும் வழக்கமான பதில், "ஐ ஆம் ஃபைன்". தூக்கமில்லை, குழந்தையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றால் அதைச் சொல்லச் சரியான இடம் அதுதான். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு இருக்கிறது என்று சொன்னதற்காகக் குழந்தையை எடுத்துப் போகமாட்டார்கள். ஜி.பி.யிடம் அனுப்புவார்கள், மனம்விட்டுப் பேசும் மனநல சிகிச்சைக்கு வழி செய்வார்கள், அடுத்த வாரம் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்வார்கள்.

பள்ளி வயது வந்துவிட்டால்

இங்கே கணக்கு மாறுகிறது. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் பள்ளிக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை தொண்டை வலிக்குப் பார்க்கும் ஜி.பி.க்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நாம் பள்ளியோடு பேசுவது பேரண்ட்ஸ் ஈவினிங்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் மட்டும். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும்போது "இவள் இப்போதெல்லாம் சாப்பிடுவதே இல்லை" என்று எப்படி ஆரம்பிப்பது?

மெயில் எழுதுங்கள். யாருக்கு என்பதில்தான் குழப்பம். படிப்பில் பின்தங்கல், கவனமின்மை, ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகம் என்றால் சென்கோவுக்கு. ஒவ்வொரு சாதாரணப் பள்ளியிலும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பொறுப்பாசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவர்தான் இவர். யாரோ மிரட்டுகிறார்கள், ஆன்லைனில் யாரோ படம் கேட்கிறார்கள், உறவினர் ஒருவரைக் கண்டாலே பிள்ளை ஒதுங்குகிறது என்பது போன்றவை என்றால் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான டெசிக்னேட்டட் சேஃப்கார்டிங் லீடுக்கு. இவரும் ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு, பெயர் பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும். எது என்று தெரியாவிட்டால் வகுப்பாசிரியருக்கே எழுதுங்கள், அவர் சரியான ஆளிடம் அனுப்பிவிடுவார்.

மெயிலில் "அவள் முன்பு போல இல்லை" என்று மட்டும் எழுதினால் பதிலும் மேம்போக்காகத்தான் வரும். "மூன்று வாரமாகத் திங்கட்கிழமை காலையில் வயிறு வலி என்கிறாள், நண்பிகள் பேச்சையே எடுப்பதில்லை, மதிய உணவுப் பணம் அப்படியே மீதம் வருகிறது" என்று எழுதினால் அவர்களுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

பதின்வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போகவே மறுத்தால் பலரும் பள்ளியிடம் மறைத்து, காய்ச்சல் என்று சொல்லி நாட்களைத் தள்ளுகிறார்கள். கொஞ்ச நாளில் வருகைப் பதிவு பிரச்சினையாகிவிடும். பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாத 10 அரைநாள் சேர்ந்தால் அபராதம் விதிப்பது பற்றிப் பள்ளி யோசிக்கும் என்பது 2024 ஆகஸ்ட் முதல் நாடு முழுவதற்குமான விதி. ஒரு பெற்றோருக்கு 160 பவுண்ட், 21 நாளுக்குள் கட்டினால் 80. பதற்றத்தால் வர முடியவில்லை என்று முன்பே பேசி வைத்த குடும்பத்தையும், கடைசியில் பிடிபட்ட குடும்பத்தையும் பள்ளி ஒரே மாதிரி நடத்துவதில்லை.

மனநலம் என்றால் ஜி.பி.யா, பள்ளியா? இரண்டும் என்பேன், ஆனால் பள்ளி முதலில். பிள்ளைகளுக்கான மனநலச் சேவையான கேம்ஸில் காத்திருப்பு நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அங்கே அனுப்பினாலும் போதிய விவரம் இல்லை என்று திருப்பிவிடுவதும் நடக்கிறது. பள்ளி தரும் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜி.பி.யிடம் போனால் அந்தக் கோரிக்கைக்குக் கனம் கூடும். நிறையப் பள்ளிகளோடு மனநல ஆதரவுக் குழு இணைந்து வேலை செய்கிறது. லேசான பதற்றம், மனச்சோர்வுக்குக் கேம்ஸ் வரை போகாமல் அங்கேயே உதவி கிடைக்கும். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகத் தெரிந்தாலோ சாகப் போவதாகப் பேசினாலோ இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். 111க்கு அடித்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு கிடைக்கும், உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது ஏ அண்ட் ஈ.

நம் பெற்றோர் பலரை அதிரவைக்கும் ஒன்று: பதினாறு வயதுக்குக் கீழே இருந்தாலும், விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருக்கிறது என்று டாக்டர் கருதினால், பிள்ளை தனியாக வந்து பேசியதைப் பெற்றோரிடம் சொல்லாமல் இருக்கலாம். 1985ல் வந்த கில்லிக் தீர்ப்பிலிருந்து இது நடைமுறை. என் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்லமாட்டார்களா என்று கோபம் வரும். ஆனால் வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு என்னென்ன உதவி தர வேண்டும் என்று கவுன்சில் எழுதித் தரும் இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) திட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இதைப் பள்ளிதான் கேட்க வேண்டும் என்று இல்லை. பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம், டாக்டரின் நோய் நிர்ணயம் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. மதிப்பீடு செய்வதா வேண்டாமா என்று கவுன்சில் 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும், திட்டம் கொடுப்பதானால் முழு வேலையும் 20 வாரத்தில் முடிய வேண்டும். இந்தக் கெடுக்கள் அடிக்கடி மீறப்படுகின்றன. கடிதம் எழுதுவதிலிருந்து மேல்முறையீடு வரை இலவசமாகக் கைகொடுக்க ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற சேவை இருக்கிறது.

பிரைவேட்டில் காட்டிவிடலாமே என்பவர்களுக்கு: ஸ்பீச் தெரபிஸ்ட்டாக இருந்தால் அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எச்.சி.பி.சி.யின் பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) மாதிரி விஷயங்களில், தனியாரிடம் வாங்கிய அறிக்கையை வைத்து ஜி.பி. மருந்து எழுத மறுக்க இடமுண்டு. 'ரைட் டு சூஸ்' வழியாக, என்.எச்.எஸ். செலவிலேயே வேறொரு நிறுவனத்திடம் அனுப்பும்படி ஜி.பி.யிடம் கேட்கலாம். இது தெரியாமல் ஆயிரக்கணக்கான பவுண்ட் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

கவுன்சில்: பயம் எங்கே சரி, எங்கே தவறு

கவுன்சில் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று வேறு வேலைகள்.

முதலாவது எர்லி ஹெல்ப். பல கவுன்சில்களில் இப்போது ஃபேமிலி ஹெல்ப் என்று பெயர் மாறி வருகிறது. பிள்ளை தூங்குவதில்லை, வீட்டில் ஓயாத சண்டை, வாடகை பாக்கி, அப்பா ஊருக்குப் போய்விட்டார், அம்மா தனியாகத் திணறுகிறார் என்ற நிலைமைகளுக்கு ஒரு குடும்ப ஊழியரை ஒதுக்கித் தருவார்கள். இது முழுக்க உங்கள் சம்மதத்தோடு நடப்பது. வேண்டாம் என்றால் வேண்டாம். பாதியில் நிறுத்தவும் செய்யலாம்.

இரண்டாவது, 1989ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட் 17ஆம் பிரிவு. கூடுதல் உதவி இல்லாவிட்டால் பிள்ளையின் நலமோ வளர்ச்சியோ பாதிக்கப்படும் என்ற நிலையில், அல்லது பிள்ளைக்கு ஊனம் இருந்தால், சோஷியல் வொர்க்கர் வந்து மதிப்பீடு செய்வார். இதற்கும் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். அதிகபட்சம் 45 வேலை நாட்களில் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். ஊனமுள்ள பிள்ளையைக் கவனிக்கும் பெற்றோருக்குச் சில மணி நேர ஓய்வு கிடைக்கும் ஏற்பாடுகள் இதன் வழியாகத்தான் வருகின்றன. பயந்து ஒதுங்கும் நம் குடும்பங்கள் இழப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாவதுதான் வாட்ஸ்அப்பில் பேசப்படுவது: அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு. பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும், அதற்குச் சம்மதம் தேவையில்லை. அப்போதும் கூட, பெற்றோர் சம்மதிக்காமல் பிள்ளையை வீட்டிலிருந்து கொண்டுபோகும் அதிகாரம் சோஷியல் வொர்க்கருக்குத் தனியாகக் கிடையாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் அதிகபட்சம் 72 மணி நேரம் பிள்ளையைத் தன் பாதுகாப்பில் வைக்கலாம், அவ்வளவுதான். வழக்கு என்று வந்துவிட்டால் பெற்றோருக்கு வருமானம் பார்க்காமல் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார்.

ஆகவே அந்த வாட்ஸ்அப் வரி முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் எடுத்துச் செல்லப்படுகிறார்கள், சில வழக்குகளில் அந்த முடிவு சரியா என்று பெரிய சர்ச்சையும் நடக்கிறது. ஆனால் எர்லி ஹெல்ப் கேட்டுப் போன தாயும் 47ஆம் பிரிவு விசாரணைக்கு ஆளான தாயும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முதலாமவருக்கு இருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இரண்டாமவருக்கு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஹெல்த் விசிட்டரோ ஆசிரியரோ டாக்டரோ யாரும் எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று கருதினால் உங்கள் அனுமதி இல்லாமலும் கவுன்சிலுக்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்ட தகவலுக்கு என்ன செய்வது என்று ஒரு வேலை நாளுக்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும்.

இவர்கள் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு சிறுமியின் கதை இருக்கிறது. ஐவரி கோஸ்டில் பிறந்து, பெரிய அத்தை முறையான பெண்ணோடு லண்டனுக்கு வந்த விக்டோரியா க்ளிம்பி, 2000 பிப்ரவரியில் எட்டு வயதில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தாள். பல கவுன்சில்களும் இரண்டு மருத்துவமனைகளும் போலீஸும் அவளைப் பார்த்திருந்தன. அவள் பேசியது பிரெஞ்சு. அவளுக்காகப் பேசியது, அவளைக் கொடுமைப்படுத்திய அந்த உறவினரே. 2003ல் வெளிவந்த லார்ட் லேமிங் விசாரணை அறிக்கைதான் 2004ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட்டுக்கு வழி வகுத்தது. பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச வேண்டும் என்று இன்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அது உங்கள் மீதுள்ள சந்தேகம் என்று நினைக்க வேண்டாம்.

அடி விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 2020லும் வேல்ஸில் 2022லும் பெற்றோர் பிள்ளையை அடிப்பது முழுக்கத் தடை செய்யப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற வாதம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் காயம், கன்றல் என்று வந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. பி.இ. (உடற்பயிற்சி) வகுப்பில் சட்டை மாற்றும்போது பிள்ளையின் முதுகில் அடித்த தடத்தை ஆசிரியர் பார்த்தால் அன்று மாலைக்குள் போன் வரும். "எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்" என்பது அங்கே எடுபடும் பதில் இல்லை. பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் கை நீள்கிறது என்றால், அந்த போன் வருவதற்கு முன்னாலேயே எர்லி ஹெல்ப்பில் பேரண்டிங் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நூறு மடங்கு மேல்.

வீசா பற்றிய பயமும் உண்டு. வீசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவித்தொகை பெற முடியாது) என்று போட்டிருப்பதால் எதையும் தொடக்கூடாது என்று நினைக்கிறோம். சைல்ட் பெனிஃபிட், யூனிவர்சல் கிரெடிட் போன்றவைதான் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஜி.பி., ஹெல்த் விசிட்டர், பள்ளி, எர்லி ஹெல்ப், 17ஆம் பிரிவு உதவி எதுவும் அதில் இல்லை. வருமானம் குறைவு என்றால் இந்த வீசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவச மதிய உணவுக்கு விண்ணப்பிக்கலாம்.

கவுன்சில் அலுவலகம் என்றாலே கால் கூசுகிறவர்களுக்கு, குடும்பங்களுக்கான உதவி மையமான ஃபேமிலி ஹப் நல்ல இடைவழி. பழைய ஷூர் ஸ்டார்ட் மையங்களின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளையை விளையாட விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து, அங்கே இருப்பவரிடம் பேச்சுவாக்கில் கேட்கலாம். பல இடங்களில் ஹெல்த் விசிட்டரும் மிட்வைஃபும் அங்கேயே குறிப்பிட்ட நாட்களில் உட்கார்கிறார்கள். எல்லாக் கவுன்சில்களிலும் இவை வரும் என்று 2025ல் அரசு அறிவித்தது. உங்கள் கவுன்சிலின் பெயரோடு ஃபேமிலி ஹப் என்று தேடிப் பாருங்கள்.

பெயர் சொல்லாமல் பேச வேண்டுமென்றால்

இதெல்லாம் சரி, முதலில் யாரிடமாவது வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும், பெயர் சொல்ல மனமில்லை என்பவர்களுக்குத் தொலைபேசி உதவி எண்கள்தான் வழி. ஃபேமிலி லைவ்ஸ் 0808 800 2222 பெற்றோருக்கானது, பிள்ளை வளர்ப்பில் எதைப் பற்றியும் பேசலாம். ஒரு பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய கவலை என்றால், அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பிள்ளைகள் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனமான என்.எஸ்.பி.சி.சி. 0808 800 5000. பிள்ளைகளே கூப்பிடுவதற்குச் சைல்ட்லைன் 0800 1111. கவுன்சில் ஏற்கெனவே வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டது, கடிதத்தில் இருப்பது புரியவில்லை என்றால் ஃபேமிலி ரைட்ஸ் குரூப் 0808 801 0366. கவுன்சிலைச் சேராதவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். இந்தக் கடைசி எண் நம் சமூகத்தில் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. உதவி எண்களின் குறை, போனை வைத்த பிறகு உங்கள் பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பவர் யாரும் இருக்கமாட்டார் என்பது.

சின்னக் குழந்தையோடு வீட்டில் தனியாகக் கிடக்கும் அம்மாக்களுக்கு ஹோம் ஸ்டார்ட் என்ற தொண்டு நிறுவனம் பொருந்தும். 1973ல் லெஸ்டரில் தொடங்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கூட இருப்பார், பெரும்பாலும் அவரே ஒரு அம்மாவாக இருப்பார்.

கோயிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் துணைக்கு நல்லவை, நம் மொழியில் நாலு வார்த்தை பேசலாம். ரகசியத்துக்கு நல்லவை அல்ல. குடும்பத்துக்குள் வன்முறை என்ற நிலையில் அங்கே சொன்னது மறுநாளே வீட்டுக்குத் திரும்பி வந்த கதைகள் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நிலையில் குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247, இருபத்துநாலு மணி நேரமும். வீட்டில் நடப்பதைப் பார்த்து, கேட்டு வளரும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவர்தான் என்று 2021ஆம் ஆண்டின் டொமஸ்டிக் அப்யூஸ் ஆக்ட் சொல்கிறது. கணவரின் வீசாவில் வந்திருப்பவர்கள் வெளியேறினால் நாட்டில் இருக்கவே முடியாது என்று மிரட்டப்படுவார்கள். வன்முறைக்கு ஆளான துணைவருக்குத் தனியாக விண்ணப்பிக்கக் குடியேற்ற விதிகளில் இடம் இருக்கிறது, ஆனால் அதை வாட்ஸ்அப்பில் கேட்காமல் முறையான சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள்.

எங்கே போவதாக முடிவு செய்தாலும் மொழிபெயர்ப்பாளரை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். என்.எச்.எஸ்.ஸில் அதற்குக் கட்டணம் இல்லை, கவுன்சிலும் பணம் கேட்காது. பெண்ணாக இருக்க வேண்டும், நம் ஏரியாக்காரர் வேண்டாம், போன் வழியாகப் பேசுபவரே போதும், இலங்கைத் தமிழ் அல்லது இந்தியத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றெல்லாம் கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பத்து வயது மகளை நடுவில் உட்கார வைத்து அவளைப் பற்றியோ உங்களைப் பற்றியோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் இரட்டிப்பாகும் என்பதால், ஜி.பி.யிடம் போகும்போது 'டபுள் அப்பாயின்ட்மென்ட்' வேண்டும் என்றும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள். அன்று காலையில் போய் நின்று கேட்டால் கிடைக்காது.